தலையால் ஆடியவர்

அவருடைய நெற்றியை ஒருமுறை தொட்டுப் பார்த்திருக்கிறேன். அவராகத்தான் தொடச் சொன்னார். குமுளி மலைச்சாலையில் லாரி ஒன்று பழுதாகிக் குறுக்கே நின்றதால் வண்டிகளெல்லாம் வரிசையாக நின்றுவிட்ட ஒரு மத்தியானம். எனக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் குனிந்து, "இங்கன அமுக்கிப் பாரு தம்பி" என்றார். புருவத்துக்கு மேலே தோல் குதிகால் மாதிரித் தடித்துக் கிடந்தது. அழுத்தினேன்.

"வலிக்குதாண்ணே?"

"அங்கன வலி செத்துப் பல வருசமாச்சு."

வேனில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஏனோ விரலைச் சட்டையில் துடைத்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

அப்போது நான் உத்தமபாளையத்தில் வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊர்க் கால்பந்து அணிக்கு எப்போதும் என் வண்டிதான். அணியை நடத்தியவர் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பாய். கடையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு எங்களோடு மலை ஏறிவிடுவார். மலைக்கு அந்தப் பக்கம், ஏழு ஏழு பேராக ஆடும் செவன்ஸ் பந்தயங்கள் மழைக்காலம் முடிந்ததும் தொடங்கிவிடும். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வெட்டிச் சமன்படுத்திய மைதானங்கள். சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்து பார்க்க மூங்கிலால் கட்டிய காலரி. அங்கே எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. "அந்தத் தலைக்காரன் டீம்" என்றால் தெரியும்.

அந்தத் தலைக்காரர் எங்கள் அணிக்கு வந்தபோதே முப்பதைத் தாண்டியிருந்தார். அதற்குள் ஆடாத ஊர் இல்லை. சென்னையில் லீக், பெங்களூரில் ஒரு தொழிற்சாலை அணி, கொல்கத்தாவில் ஒரு சீசன், கோவா, பிறகு மாலத்தீவில் ஏதோ ஒரு தீவு, கடைசியாக வளைகுடாவில் ஒரு கம்பெனி அணி. ஓரிடத்திலும் நிலைக்கவில்லை. யாரும் அவரை விரட்டியதும் இல்லை. பெங்களூரில் இருந்திருந்தால் நிரந்தர வேலையே கொடுத்திருப்பார்கள். ஏன் விட்டு வந்தீர்கள் என்று பாய் கேட்டபோது, "கல்கத்தாவுல இருந்து கூப்பிட்டாக, போனேன்" என்றார். கொல்கத்தாவை ஏன் விட்டார் என்றால், கோவாவில் கூப்பிட்டார்கள். யார் கூப்பிட்டாலும் மறுக்கத் தெரியாத மனிதர் என்றுதான் நாங்கள் அவரை நினைத்தோம். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டோம்.

ஒரு அணியை விட்டுப் போகும்போது அந்தச் சட்டையைத் துவைத்து மடித்து, அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டுத்தான் வருவார். ஒரு ஊர்ச் சட்டையை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். கோப்பை, பதக்கம், போட்டோ எதுவும் வீட்டில் கிடையாது. செல்வம் என்று எங்களுக்கு ஒரு கோல்கீப்பர் இருந்தான். "இத்தன ஊர்ல ஆடியிருக்கீகளே, ஒன்னுகூடவா எடுத்து வைக்கல?" என்று அவன் கேட்டதற்கு அவர் நெற்றியை விரலால் தட்டிக் காட்டினார்.

"எல்லாம் இங்கன இருக்கு."

அவர் ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். உயரமான ஆள் இல்லை. ஓட்டமும் அப்படி ஒன்றும் வேகம் இல்லை. ஆனால் மற்றவர்கள் கால் வைக்கத் தயங்கும் இடத்தில் அவர் தலையை வைப்பார். இடுப்பு உயரம், முழங்கால் உயரம், சில சமயம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வரும் பந்துக்குக்கூடப் பாய்ந்து தலையைக் கொடுப்பார். எதிரே பூட்ஸோடு ஓங்கிய கால் கடைசி நொடியில் பயந்து பின்வாங்கும். அந்தத் தயக்கத்தில் பந்து வலைக்குள் போய்விடும்.

"காலு ரெண்டு இருக்கு. அதுல ஒன்னக் குடுத்தா எவனும் பயப்பட மாட்டான்" என்பார். "ஒன்னே ஒன்னா இருக்கறத நீட்டுனமுன்னா எதிராளிதான் ஒதுங்குவான்."

எல்லோரும் ஒதுங்குவதில்லை. கட்டப்பனையில் ஒரு ஆட்டம். சாயங்கால வெயில் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. தாழ்வாக வந்த பந்துக்கு அவர் பாய்ந்தார். எதிரணித் தடுப்பாளன் காலை எடுக்கவில்லை. இரண்டு சத்தம் கேட்டது. முதலில் பந்து பட்ட சத்தம், உடனே காய்ந்த மட்டை முறிந்தது போல் இன்னொன்று. பந்து கோலுக்குள் கிடந்தது. அவர் குப்புறக் கிடந்தார். கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது, அவர் அசையவில்லை. செல்வம் ஓடி வந்து திருப்பிப் போட்டதும் கண்ணைத் திறந்தார். புருவம் கிழிந்து ரத்தம் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துண்டைக் கட்டிக்கொண்டு மிச்ச நேரமும் ஆடினார். நாங்கள் தடுத்துத்தான் பார்த்தோம்.

திரும்பும் வழியில் கம்பம்மெட்டு இறக்கத்தில் பின்னாலிருந்து கேட்டார்.

"தம்பி, நாம ஜெயிச்சமா?"

"என்னண்ணே இப்பிடிக் கேக்கறீக. நீங்கதான கோல் போட்டீக."

"ஆமால்ல" என்று சிரித்தார். வேனே சிரித்தது. கீழே பள்ளத்தாக்கில் கம்பத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்டார், "ஜெயிச்சமா தம்பி?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

அவர் வீடு கோம்பை போகும் சாலையில் இருந்தது. பின்பக்கம் ஒரு புளியமரம். அதன் கிளையில் சாக்கில் கட்டிய பந்து ஒன்று தொங்கும். விடிந்ததும் அதை முட்டிப் பழகுவார். தட், தட் என்று தெருமுனை வரை கேட்கும். அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். காமயகவுண்டன்பட்டிக்காரர். திராட்சைத் தோட்டத்தில் வெட்டும் ஆட்களை மேய்த்துப் பெட்டி கணக்குப் பார்க்கிற வேலை. அதிகம் பேச மாட்டார். வேனைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினால் அண்ணன் பையை எடுத்துக்கொண்டு வருவதற்குள் எனக்கு ஒரு டம்ளர் காப்பி வந்துவிடும். ஒருநாள் டம்ளரைக் கொடுத்துவிட்டு மதினி அங்கேயே நின்றார்.

"தம்பி, வண்டியில வரும்போது அவுக நல்லாத்தான பேசறாக?"

"நல்லாத்தான் பேசறாரு மதினி. ஏன்?"

"ஒன்னுமில்ல. நேத்துச் சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து, இன்னும் சோறு போடலயான்னு கேட்டாக. கோவமில்ல, வெளாட்டும் இல்ல. நெசமாவே கேட்டாக."

நான் ஏதோ களைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன். மதினி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நம்பவில்லை என்று தெரிந்தது.

அடுத்து நடந்ததை ஊரே பார்த்தது. காமயகவுண்டன்பட்டிப் பந்தயம், இறுதி ஆட்டம். போடிக்காரர்களோடு மோதல். நாங்கள் பச்சைச் சட்டை, அவர்கள் நீலம். இடைவேளைக்குப் பின் பக்கம் மாறி ஆடிக்கொண்டிருந்தோம். போடி அணிக்குக் கார்னர் கிடைத்தது. தடுப்பதற்காக எங்கள் ஆட்கள் எல்லோரும் பின்னால் வந்து நின்றார்கள், அவரும் வந்தார். பந்து வளைந்து வந்தது. அவர் எம்பினார். அவர் அடித்ததிலேயே அழகான தலையடி அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். செல்வம் நின்ற இடத்திலிருந்து அசையக்கூட இல்லை. பந்து எங்கள் வலைக்குள் போய் விழுந்தது.

தவறிப் பட்டுவிட்டது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினார். ஓடிப்போய் நீலச் சட்டை போட்ட ஒரு பையனைக் கட்டிப்பிடித்து, "தாஸ், பாத்தியா தாஸ்" என்று முதுகில் தட்டினார். அந்தப் பையன் பெயர் தாஸ் இல்லை. அவன் விலகவும் தெரியாமல், சிரிக்கவும் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றான். பிறகு முதல் தண்ணீர் பாட்டில் வந்து விழுந்தது.

"வெல போயிட்டான்டா" என்று ஒரு குரல். அதற்குப் பிறகு எல்லாக் குரலும் அதுதான்.

கல் வரத் தொடங்குவதற்குள் அவரை வேனில் ஏற்றிவிட்டோம். பின்கண்ணாடி போய்விட்டது. செல்வம் அவர் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று முன்னால் வந்து என்னோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தான். அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"ஏன் எல்லாரும் உம்முன்னு வர்றீக? தாஸ எங்க, அவன் ஏறலயா?"

பாய்க்கு மட்டும் ஏதோ உறைத்தது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மெதுவாக, குழந்தையிடம் பேசுவது போல் கேட்டார்.

"தாஸ் எந்த டீம்ல ஆடுனாப்ல?"

"என்ன பாய், நம்ம டீமுதான். பெங்களூரு."

உடைந்த கண்ணாடி வழியாகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பெங்களூரில் அவர் ஆடிய அணிக்கு நீலச் சட்டை என்று பிறகுதான் தெரிந்தது.

ஊரில் பேச்சு அடங்க வெகுநாள் ஆயிற்று. போடிக்காரர்கள் வீடு கட்டிக் கொடுக்கப்போகிறார்கள் என்றுகூடச் சொன்னார்கள். மதினி வேலை பார்த்த தோட்டத்துக்கே ஆட்கள் போய் ஜாடை பேசினார்கள். பாய் கடைவாசலில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார், "அவரு வெல போற ஆளு இல்ல. அவரு ஒடம்புல வேற என்னமோ நடக்குது." யாரும் காதில் வாங்கவில்லை.

மதுரைக்கு நான்தான் கூட்டிப்போனேன். தலையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் மதினியை உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் சொன்னார். மூளையில் அடி விழுந்து விழுந்து பல இடங்களில் சேதமாகியிருக்கிறது, மருந்தால் திரும்பாது, இனிமேல் ஒரு பந்துகூடத் தலையில் படக்கூடாது, பெரிய அடி ஒன்று விழுந்தால் எதற்கும் உத்தரவாதம் இல்லை.

மதினி கேட்டார், "எந்த அடியில இப்பிடி ஆச்சுங்க? கட்டப்பனையில பட்டதுலயா?"

"ஒரு அடியால இல்லம்மா. சின்ன வயசுலேருந்து முட்டின எல்லாப் பந்தாலயும்தான்."

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முகம் வெளிறிவிட்டது. "சரிங்க, நிப்பாட்டிக்கிர்றேன்" என்றார். வரும் வழியில் ஆண்டிபட்டிக் கணவாயில் காற்றாலைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். பாவம் என்று நினைத்தேன். ஆனால் பயப்பட வேண்டியது அதற்கு அப்புறம்தான் இருந்தது.

மறுநாள் காலை பூட்ஸ் மாட்டிக்கொண்டு பையோடு வாசலில் நின்றார். வண்டி வரலையா என்று கேட்டாராம். மதினி டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினார்.

"நிப்பாட்டச் சொன்னாகளா? யாரு சொன்னா?"

மதினி மறுபடி எல்லாவற்றையும் சொன்னார். அவர் முகம் முந்தின நாள் போலவே வெளிறியது. "சரி, நிப்பாட்டிக்கிர்றேன்" என்று பூட்ஸைக் கழற்றினார். அதற்கடுத்த நாளும் பையோடு நின்றார். அன்றைக்கும் முதல் தடவை கேட்கிறவர் போல அதிர்ந்தார். இப்படி ஒவ்வொரு நாளும். ஆட்டம் முடிந்துவிட்டது என்ற சேதியை அந்த மனிதர் தினமும் புதிதாகக் கேட்டார்.

"அவுக மொகத்த என்னால பாக்க முடியல தம்பி" என்று மதினி என்னிடம் சொன்னார். "கையில கத்தி வச்சுக் குத்தற மாதிரி இருக்கு. இனிமே சொல்ல மாட்டேன்."

அதற்குப் பிறகு மழை என்று சொல்லத் தொடங்கினார். மழையால் ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். என்னையும் அப்படியே சொல்லச் சொன்னார். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும், வானத்தில் ஒரு மேகம் இருக்காது. "மழைண்ணே, மேட்ச் இல்ல" என்பேன். அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். "ஆமா, கிரவுண்டு ஈரமாத்தான் கெடக்கும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார். எதைச் சொன்னாலும் நம்பினார். அது எனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை.

புளியமரத்தில் தொங்கிய பந்தை மதினி அறுத்து எடுத்துவிட்டார். இரண்டு நாள் அமைதியாகப் போயிற்று. மூன்றாம் நாள் விடிகாலையில் பக்கத்தில் ஆளைக் காணாமல் பின்பக்கம் போய்ப் பார்த்திருக்கிறார். அவர் மரத்தடியில் நின்று, பந்து இல்லாத இடத்தில் எம்பி எம்பி முட்டிக்கொண்டிருந்தார். வேர்வையில் நனைந்து போயிருந்தார். "சத்தமே இல்ல தம்பி. அந்தத் தட்டு, தட்டுங்கிற சத்தம் இருந்தாக்கூடப் பரவாயில்லன்னு இருந்துச்சு" என்றார் மதினி. தோட்டத்து வேலையை அந்த வாரமே விட்டுவிட்டார்.

பிறகு கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் தேனியில் ஒரு கல்யாண சவாரியை இறக்கிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"தம்பி, அவுகளக் காணோம். ரேசன் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள கெளம்பிட்டாக. பூட்ஸையும் காணோம்."

நான் வந்து சேர்ந்தபோது மதினி பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். ஜீப்பில் நாலைந்து பையன்கள் வந்தார்களாம், மலையாளத்துக்காரர்கள். டீ குடிக்கும்போது ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறது என்று பேசிக்கொண்டார்களாம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவரையும் பூட்ஸ் பையையும் பார்த்திருக்கிறார்கள்.

"சேட்டன் களிக்குமோ, அண்ணன் ஆடுவீகளான்னு கேட்டானுக. நாந்தான் சொன்னேன், இவர யாருன்னு நெனச்சீங்க, கல்கத்தாவுலயே ஆடுனவருன்னு" என்றார் டீக்கடைக்காரர். பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தவர், மதினி முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வாங்கன்னானுக. எந்திரிச்சுப் போயிட்டாரு."

வண்டிப்பெரியாருக்கு என்று காதில் விழுந்ததாம். மதினி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கம்பம், கூடலூர், லோயர் கேம்ப். ஏற்றத்தில் எனக்கு முன்னே சபரிமலை பஸ்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அழுத்திக்கொண்டே போனேன். மதினி ஒரு தடவைகூடச் சீக்கிரம் போ என்று சொல்லவில்லை. மடியில் இரண்டு கைகளையும் கோத்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குமுளி தாண்டியதும் பனி இறங்கத் தொடங்கிவிட்டது.

மைதானத்தைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. சத்தம் சாலை வரை கேட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கயிற்றுப் பக்கம் போனோம். அவர் உள்ளே ஆடிக்கொண்டிருந்தார். யாருடையதோ பெரிய மஞ்சள் சட்டை, முழங்கை வரை தொங்கியது. நரை தெரிந்தது. ஆனால் நின்ற நிலையில், திரும்பிய விதத்தில், எந்தத் தடுமாற்றமும் இல்லை. வீட்டில் சோறு தின்றது மறந்துபோகிற மனிதர் மாதிரியே இல்லை.

மஞ்சள் அணிக்கு ஒரு ஃப்ரீ கிக். மதினி கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தார். ஒரு தொண்டர் பையன் கையை நீட்டித் தடுத்தான். "சேச்சி, களி நடக்குவல்லே" என்றான், ஆட்டம் நடக்கிறதாம். மதினி அவன் கையைத் தள்ளிவிட்டு நடந்தார். பாதி மைதானம் போவதற்குள், பனியில் அவரைக் கவனிக்காத நடுவர் ஃப்ரீ கிக்குக்கு விசில் ஊதிவிட்டார். பந்து பனிக்குள் மேலே போனது. கோல் கம்பத்தருகே இரண்டு தடுப்பாளர்கள் எழும்பினார்கள். அவர்களுக்கு நடுவே அவர் எழும்பினார். மூன்று தலைகளும் ஒரே இடத்தில் இருந்தன. மதினி அப்படியே நின்றுவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கூட்டம் கத்தியது. கண்ணைத் திறந்தபோது அவரைத் தோளில் தூக்கியிருந்தார்கள். பிழைத்துவிட்டார். தடுப்பாளன் ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். அதுதான் அவர் ஆடிய கடைசி ஆட்டம், அடித்த கடைசி கோல்.

மதினி தோள்களுக்கு நடுவே புகுந்து அவருக்குக் கீழே போய் நின்றார். அவர் குனிந்து பார்த்தார். ஊர் ஊராக ஆயிரம் பேரைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்து, கை கொடுத்தார். மதினி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு விடவே இல்லை. பையன்கள் புரியாமல் அவரைக் கீழே இறக்கினார்கள்.

"நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

மதினி சொன்னார், "உத்தமபாளையம்."

"அங்கன எனக்கு வேண்டியவுக இருக்காக" என்றார் அவர். "வண்டி அந்தப் பக்கமாவா போகுது?"

"ஆமா. வாங்க."

மறுபேச்சில்லாமல் வந்தார். மஞ்சள் சட்டையைக் கழற்றி மடித்து அந்தப் பையன்களிடம் கொடுத்துவிட்டு வேனில் ஏறினார். மதினி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தெரியாத பெண்ணுக்கு இடம் விடுகிற மரியாதையோடு அவர் ஜன்னலோரமாக ஒதுங்கிக்கொண்டார். மலை இறங்கினோம். கூடலூரைத் தாண்டும்போது பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார். கண்ணாடியில் பார்த்தேன். அவர் என் காதருகே குனிந்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாது என்பது போல் குரலைத் தணித்துச் சொன்னார்.

"தம்பி, மொதல்ல இந்த அம்மாவ எறக்கி விட்டுரு. பாவம், வீட்டுல தேடுவாக."